எண்ணெய்த் தொட்டிகளின் சோதனை: கருவி எட்டாத இடங்கள்

1988 ஜனவரி 2 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃப்ளோரெஃப் என்ற ஆற்றங்கரை ஊரில், ஆஷ்லேண்ட் ஆயில் நிறுவனத்தின் டீசல் தொட்டி ஒன்று சுவர் பிளந்து சரிந்தது. வேறோர் ஊரில் பல்லாண்டு பயன்பட்டு, பிரித்துக் கொண்டுவரப்பட்டு, இங்கே மறுபடியும் பற்றவைத்து நிறுத்தப்பட்ட தொட்டி அது. கொள்ளளவு 40 லட்சம் காலன். புது இடத்தில் முதன்முறையாக முழுக்க நிரப்பியபோது பிளந்துவிட்டது. ஏழு லட்சம் காலனுக்கு மேற்பட்ட டீசல் மோனங்கஹேலா ஆற்றில் இறங்கி, ஒஹையோ ஆறுவரை போய், கரையோர ஊர்களின் குடிநீர் விநியோகத்தைக் குலைத்தது. வெல்டிங் கோட்டுக்கு அருகே, பழைய எஃகுத் தகட்டில், பல ஆண்டுகளாகவே ஒரு சிறு குறை இருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. ஜனவரிக் குளிரில் அந்த எஃகுக்கு வளைந்துகொடுக்கும் குணம் போய், நொறுங்கும் குணம் வந்திருந்தது. முழு உயரத்துக்கும் தண்ணீர் நிரப்பிப் பார்த்திருந்தால் தண்ணீரோடு போயிருக்கும். நிரப்பிப் பார்த்ததோ சுமார் 5 அடி.

இதற்கு 69 ஆண்டுகளுக்கு முன்பு, 1919 ஜனவரி 15 அன்று, பாஸ்டன் நகரில் 50 அடி உயர வெல்லப்பாகுத் தொட்டி வெடித்து 21 பேர் இறந்தார்கள். அந்தத் தொட்டிக்கு நடந்த தண்ணீர்ச் சோதனை 6 அங்குல உயரத்துக்கு மட்டுமே. தொட்டி ஒழுகியதை அக்கம்பக்கத்தார் பார்த்துச் சொன்னார்கள். ஒழுக்கு தெரியாதிருக்கத் தொட்டிக்குப் பழுப்பு வண்ணம் அடித்தார்கள்.

இந்த இரண்டு தொட்டிகளுக்குப் பிறகு சோதனைக் கருவிகள் எவ்வளவோ வளர்ந்துவிட்டன. பொருளை வெட்டாமல், உடைக்காமல் அதன் உள்குறையைக் காணும் சேதமில்லாச் சோதனை, ஆலைகளில் என்.டி.டி. என்றே வழங்குகிறது. இன்று அது தனித் தொழில். கேளா ஒலி, காந்தப்புலம், காமா கதிர், ஒலி உமிழ்வு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் கருவி, தனிச் சான்றிதழ், தனிச் செயல்முறை இருக்கின்றன. எந்தக் கருவி சிறந்தது என்பதைப் பற்றி எழுதிக் குவித்திருக்கிறார்கள். என் அக்கறை வேறு. ஒரு தொட்டியைச் சோதித்து முடித்ததும் அறிக்கையில் ஆயிரக்கணக்கான அளவுகள் இருக்கும். எந்தெந்த இடத்தைக் கருவி தொடவில்லை என்பது பெரும்பாலும் இருக்காது. விபத்துகளின் விசாரணைகளைப் படித்தால், ஆபத்து அந்த எழுதப்படாத பகுதியிலிருந்து வந்திருப்பதே அதிகம்.

தொட்டியிலேயே கண்ணுக்குப் படாத பகுதி அடித்தகடு. சுவரைச் சுற்றி நடந்து பார்க்கலாம். கூரையில் ஏறிப் பார்க்கலாம். அடித்தகட்டின் மேல்பக்கம் எண்ணெய்க்கும் கசடுக்கும் அடியில் கிடக்கிறது. கீழ்ப்பக்கம் மணல் படுகையில் அழுந்திக் கிடக்கிறது. கச்சா எண்ணெயில் வரும் தண்ணீர் அடியில் தங்கும். அதில் சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாக்கள் கசடுக்குக் கீழே குடியிருந்து தகட்டைக் குழி குழியாக அரிக்கும். கீழ்ப்பக்கத்தில் மழைநீர் தொட்டியின் விளிம்பு வழியாக உள்ளே கசியும். மணலில் உப்பு இருந்தால் அரிப்பு இன்னும் வேகமாகும். எண்ணூர், மணலி போன்ற கடலோரத் தொட்டிகளுக்கு இது அன்றாடக் கவலை. மேலிருந்து ஒரு குழியும் கீழிருந்து ஒரு குழியும் ஒரே இடத்தில் சந்தித்தால் அங்கே ஓட்டைதான்.

2014 ஜனவரி 9 அன்று அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் அடித்தகட்டு ஓட்டைதான் வினையாயிற்று. ஃப்ரீடம் இண்டஸ்ட்ரீஸ் நிறுவனத்தின் பழைய தொட்டி ஒன்றிலிருந்து, நிலக்கரியைக் கழுவப் பயன்படும் ரசாயனம் கசிந்து எல்க் ஆற்றில் கலந்தது. சுமார் மூன்று லட்சம் பேர் குழாய்த் தண்ணீரைத் தொட முடியாமல் பல நாள் தவித்தார்கள். அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் விசாரித்தபோது, அடித்தகட்டில் இரண்டு சிறு ஓட்டைகள் தெரிந்தன. பெரியதன் விட்டமே முக்கால் அங்குலம்தான். உள்பக்கமிருந்து தொடங்கிய குழி அரிப்பு அது. யாராவது உள்ளே இறங்கிச் சோதித்ததற்கான பதிவு எதுவும் வாரியத்துக்குக் கிடைக்கவில்லை.

அடித்தகட்டை எப்படிச் சோதிப்பது? பழைய வழி, கேளா ஒலித் தடிமன் மானியை ஆங்காங்கே வைத்து அளப்பது. எஃகில் ஒலி வினாடிக்குச் சுமார் 5,900 மீட்டர் வேகத்தில் போகும்; 10 மில்லிமீட்டர் தகட்டின் மறுபக்கம் பட்டுத் திரும்ப ஏறத்தாழ 3.4 மைக்ரோ வினாடி ஆகும். அந்த நேரத்தை வைத்துத் தடிமனைச் சொல்லிவிடலாம். துரு நீக்கிய தகட்டில், தேர்ந்த கையால் எடுத்தால் துல்லியமான அளவு. ஆனால் துல்லியம் வேறு, பரப்பு வேறு. 60 மீட்டர் விட்டமுள்ள தொட்டியின் தரை 2,800 சதுர மீட்டருக்கு மேல். மானியின் முனை 10 மில்லிமீட்டர் விட்டம் என்றால், ஆயிரம் இடங்களில் வைத்து எடுத்தாலும் பார்த்த பரப்பு மொத்தத் தரையில் லட்சத்தில் மூன்று பங்கைத் தொடாது. ஆயிரம் அளவுகள் கொண்ட அறிக்கை கனமாக இருக்கும், கையெழுத்தும் முத்திரையும் இருக்கும், தரையில் ஏறத்தாழ எதையும் பார்த்திருக்காது.

இந்தக் குறையை நீக்க வந்ததுதான் காந்தப் பாய்வுக் கசிவு முறை. ஆட்கள் இதை எம்.எஃப்.எல். என்பார்கள். புல்வெட்டும் வண்டியைப் போலத் தள்ளிச்செல்லும் சக்கர வண்டி. அடியில் வலுவான நிலைக்காந்தங்கள். அவை தகட்டைக் காந்தத்தால் நிறைத்துவிடும். தகடு மெலிந்த இடத்தில் காந்தக் கோடுகளுக்கு உள்ளே இடம் போதாமல் வெளியே கசியும். இரு காந்த முனைகளுக்கும் நடுவே வரிசையாக இருக்கும் உணரிகள் அந்தக் கசிவைப் பிடித்துக் கணினிக்கு அனுப்பும். மெல்ல நடக்கும் வேகத்தில், ஒரு பட்டைக்குப் பக்கத்தில் இன்னொரு பட்டையாகத் தள்ளிக்கொண்டே போனால், தகடு தகடாகத் தரையின் வண்ண வரைபடம் உருவாகும். சிவந்த இடங்களில் சாக்பீஸால் வட்டம் போட்டு, அங்கே மட்டும் தடிமன் மானியை வைத்து ஆழத்தை அளப்பார்கள்.

அருமையான முறை. ஆனாலும் அதன் எல்லைகளை அறிந்து பயன்படுத்த வேண்டும். அது இழந்த உலோகத்தின் கனஅளவுக்குத்தான் பதில் சொல்கிறது. அகலமான, ஆழமற்ற அரிப்பு பெரிய சமிக்ஞை தரும். ஊசித் துளை போன்ற குறுகிய ஆழக் குழி சிறிய சமிக்ஞை தரும். முதலில் ஒழுகப்போவது இரண்டாவதுதான். அரிப்பு மேலா கீழா என்பதையும் சாதாரண எம்.எஃப்.எல். கருவி பிரித்துச் சொல்லாது. தகட்டின்மேல் தகடு ஏறும் வெல்டிங் மேட்டில் வண்டி துள்ளும். சூடேற்றும் குழாய்களுக்கு அடியிலும், கூரைத் தூண்களின் காலடியிலும் நுழையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் சுவரோரம். தொட்டியின் எடையும் திரவத்தின் அழுத்தமும் சேர்ந்து வளைக்கும் இடம், சுவரும் அடித்தகடும் சந்திக்கும் மூலை. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் ஏ.பி.ஐ. 653 தரநிலை, சுவரை ஒட்டிய 3 அங்குல வளையத்தை முக்கியமான பகுதி எனத் தனியே குறித்து, அங்கே தகடு எவ்வளவு தடிமனாக இருக்க வேண்டுமென்று தனி விதி வைத்திருக்கிறது. காந்த வண்டி சுவரில் இடித்து நின்றுவிடுவதும் சரியாக அங்கேதான். அந்த வளையத்தைச் சிறிய கைக்கருவியால், மண்டியிட்டு, ஒவ்வோர் அடியாகப் பார்க்க வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. தொட்டியைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி மேலிருந்து அழுத்தம் வரும்போது முதலில் வெட்டுப்படும் வேலையும் இதுதான்.

தவறவிட்ட ஒரு குழி என்ன செய்யும் என்பதை எண்களில் பார்க்கலாம். 6 மில்லிமீட்டர் தகடு, பத்தாண்டு ஓடியிருக்கிறது. சோதனையில் கிடைத்த மிக மெலிந்த அளவு 4 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 0.2 மில்லிமீட்டர் தேய்மானம். கசிவைக் கண்டறியும் ஏற்பாடு கீழே இல்லாத தொட்டிக்கு, அடுத்த திறப்புவரை சுமார் 2.5 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும் என்பது ஏ.பி.ஐ. கணக்கு. அப்படியானால் ஏழரை ஆண்டு ஓட்டலாம். உண்மையில் மூலையில் யாரும் பார்க்காத ஒரு குழியில் 3 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு 0.3; அவகாசம் இரண்டு ஆண்டுகூட இல்லை. சூத்திரம் சரி, கூட்டல் கழித்தல் சரி, உள்ளே போட்ட எண் மட்டும் வேறு. ஆகவே பார்க்காத பரப்பை அறிக்கையில் வெள்ளையாக விட்டு, 'இங்கு சோதிக்கவில்லை' என்று அச்சிட்டுக் கொடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். வெள்ளை இடம் தெரிந்தால் பொறியாளர் அங்கே குறைவான தடிமனை அனுமானித்துக் கணக்குப் போடுவார், அல்லது இன்னொரு நாள் கேட்டு வாங்குவார்.

தடிமனுக்கு அடுத்தது வெல்டிங் மூட்டுகள். தரை மூட்டுகளுக்கு வெற்றிடப் பெட்டிச் சோதனையைப் போல எளியது வேறில்லை. மூட்டின்மேல் சோப்புக் கரைசலைத் தடவி, கண்ணாடி மூடியும் அடியில் ரப்பர் விளிம்பும் உள்ள நீளமான பெட்டியை அழுத்தி வைத்து, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சுவார்கள். 21 கிலோபாஸ்கல் அளவுக்கு அழுத்தம் குறைந்ததும், தகட்டுக்குக் கீழிருக்கும் காற்று எந்த ஊசி முனை வழி கிடைத்தாலும் மேலேறும். பெரிய ஓட்டையானால் கரைசல் பட்டென்று ஊதிப் போய்விடும். நுண்ணிய ஓட்டையில் வெண்நுரை மெதுவாகப் பூத்துக்கொண்டே வரும். அந்த மெதுவான நுரைக்காகக் காத்திருக்கப் பொறுமை வேண்டும். வெளிச்சம் மங்கிய தொட்டிக்குள், வியர்வை கண்ணில் வழிய, குனிந்தபடியே அடுத்த அடிக்கு நகரும் ஒருவரின் பொறுமையை நம்பித்தான் இந்தச் சோதனை இருக்கிறது.

சுவர் மூட்டுகளுக்குப் புதுத் தொட்டி கட்டும்போது கதிர்ப்படம் எடுப்பது நெடுநாள் வழக்கம். பெரும்பாலும் இரிடியம் 192. அரை ஆயுள் சுமார் 74 நாள். இந்தியாவில் இதற்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த இரவில், கயிறு கட்டித் தடுத்து எடுப்பார்கள். வெல்டிங்கில் அடைபட்ட காற்றுக் குமிழ், கசடு ஆகியவற்றைக் கதிர்ப்படம் தெளிவாகக் காட்டும். கதிரின் திசைக்குக் குறுக்கே படுத்திருக்கும் மெல்லிய விரிசலை விட்டுவிடும். விரிசல்தான் அதிகக் கொடியது. அதனால்தான் 1970-களில் இங்கிலாந்தின் ஹார்வெல் ஆய்வகத்தில் மாரிஸ் சில்க் உருவாக்கிய டோஃப்ட் என்ற கேளா ஒலி முறை இன்று கதிர்ப்படத்தின் இடத்தைப் பிடித்துவருகிறது. விரிசலின் இரு நுனிகளிலும் சிதறும் ஒலியைத் தனித்தனியே பிடித்து, விரிசல் எவ்வளவு உயரம் என்பதையே அது சொல்லிவிடும். மேற்பரப்பு விரிசல்களுக்குக் காந்தத் துகள் சோதனையும் சிவப்புச் சாயச் சோதனையும் போதும். அவற்றை இங்கே விரிக்கவில்லை, ஐ.டி.ஐ. படித்து வரும் இளைஞர்கள்கூட நன்றாகச் செய்கிறார்கள்.

தகட்டில் எந்தக் குறையும் இல்லாமலே தொட்டி கெடலாம் என்பதற்கு ஜப்பானின் மிசுஷிமா சாட்சி. 1974 டிசம்பர் 18 அன்று அங்கே மித்சுபிஷி சுத்திகரிப்பு ஆலையின் புதுத் தொட்டி அடிமூலையில் கிழிந்து 43,000 கிலோலிட்டர் கனரக எண்ணெயைக் கொட்டியது. பாய்ந்த எண்ணெய் ஏணியின் அடித்தளத்தையே தள்ளிக்கொண்டு போய்த் தடுப்புச் சுவரை உடைத்தது. ஏழாயிரம் கிலோலிட்டருக்கு மேல் செட்டோ உள்நாட்டுக் கடலில் பரவி மீனவர்களின் வாழ்வைக் கெடுத்தது. அந்த ஏணிக்கு அடித்தளம் போடத் தொட்டியின் ஓரத்தைத் தோண்டியதில் மண் பலவீனப்பட்டு, அந்தப் பக்கம் மட்டும் அமிழ்ந்ததே மூலகாரணம். இதற்குப் பிறகுதான் ஜப்பான் பெரிய தொட்டிகளைக் குறித்த காலத்தில் திறந்து சோதிப்பதைச் சட்டமாக்கியது. 2020 மே 29 அன்று ரஷ்யாவின் நோரில்ஸ்க் நகரில் அடித்தளம் அமிழ்ந்து தொட்டி உடைந்ததில் சுமார் 21,000 டன் டீசல் வெளியேறியது. ஆகவே விளிம்பைச் சுற்றி மட்டம் பார்ப்பதும், லேசர் ஸ்கேனரால் சுவரின் வட்டமும் செங்குத்தும் கெடாமல் இருக்கின்றனவா என்று அளப்பதும் சோதனையின் பாதிப் பங்கு. மலிவான வேலை. ஆண்டுக்காண்டு எடுத்து வைத்தால் எந்தப் பக்கம் இறங்குகிறது என்பது தானே தெரிந்துவிடும்.

திறந்து பார்ப்பதில் இன்னொரு பெரும் சிக்கல் உண்டு, மனித உயிர். கசடு வாரும்போது கிளம்பும் ஆவி, 19.5 சதவீதத்துக்குக் கீழே போகும் ஆக்சிஜன், காற்றுப் பட்டதும் தானே தீப்பிடிக்கும் இரும்பு சல்பைடு. தொட்டி சுத்தம் செய்யும் வேலையில் இறப்பவர்கள் பெரும்பாலும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அதனால் திறக்காமலே சோதிக்கும் வழிகளை நான் மனமார வரவேற்கிறேன். ஒலி உமிழ்வு முறையில் சுவரைச் சுற்றி உணரிகளை ஒட்டி, வால்வுகளை மூடி, தொட்டியைப் பல மணி நேரம் அசையாமல் விட்டு, அரிப்பு எழுப்பும் நுண்ணொலிகளைப் பதிவு செய்வார்கள். மழை பெய்தால் அன்றைய வேலை கெட்டது. முடிவு தடிமனாக வராது. ஏ முதல் இ வரை தரமாக வரும். நல்ல தரம் வந்த தொட்டியை விட்டுவிட்டு மோசமானதை முதலில் திறக்க இது உதவும். ஆனால் அன்று அமைதியாக இருந்த பழைய குழி எந்த ஒலியும் எழுப்பாது. ஒலி உமிழ்வு அறிக்கையை மட்டும் காட்டித் திறப்பைத் தள்ளிப்போடுவது தவறு. எண்ணெய்க்குள்ளேயே இறங்கி ஊர்ந்து தடிமன் அளக்கும் ரோபோக்களும் வந்துவிட்டன. வழிகாட்டு அலைகளைத் தகட்டின் வழியே செலுத்தி, எட்டாத இடத்தைத் தொலைவிலிருந்து காணும் ஆய்வில் சென்னை ஐ.ஐ.டி.யின் சேதமில்லா மதிப்பீட்டு மையம் பல ஆண்டுகளாக ஈடுபட்டிருக்கிறது.

சில தொட்டிகளைத் திறப்பதே கெடுதல். உர ஆலைகளின் அமோனியாத் தொட்டி மைனஸ் 33 டிகிரி செல்சியஸில் இயங்குகிறது. அமோனியாவில் ஆக்சிஜன் சேர்ந்தால் எஃகில் இழுவிசையும் அரிப்பும் சேர்ந்து உண்டாக்கும் தகைவு அரிப்பு விரிசல் பிறக்கும். சோதிக்கத் திறக்கும்போது காற்று புகுகிறது. மறுபடி நிரப்பும்போது அது முழுக்க வெளியேறாவிட்டால், சோதனையே விரிசலுக்கு விதை போட்டுவிடும். இங்கே ஆபத்தின் அளவைக் கணித்துத் திறப்பைத் தள்ளிப்போடுவதில் நியாயம் இருக்கிறது. பெட்ரோலியத் தொட்டிக்கு அதே வாதத்தைக் கடன் வாங்குவதில் நியாயமில்லை.

விதிகள் இல்லாமல் இல்லை. ஃப்ளோரெஃப் சரிவுக்குப் பின் 1991-இல் வந்த ஏ.பி.ஐ. 653 வெளிச் சோதனைக்கு 5 ஆண்டு என உச்ச வரம்பு வைக்கிறது. உள் சோதனைக்கு அரிப்பு வேகத்தைப் பார்த்து முடிவு செய்யச் சொல்கிறது. ஐரோப்பாவில் ஈமுவா 159 என்ற வழிகாட்டி. இந்தியாவில் 1986-இல் அமைந்த எண்ணெய்த் தொழில் பாதுகாப்பு இயக்ககத்தின் தரநிலை 129. ஆட்களும் இருக்கிறார்கள். இந்தியச் சேதமில்லாச் சோதனைச் சங்கத்தின் தலைமையகம் சென்னையில் உள்ளது. கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தில் பல்தேவ் ராஜும் அவருடைய குழுவினரும் வளர்த்த மரபு, அணு உலைக் குழாய்களிலிருந்து தென்னிந்திய வெண்கலத் திருமேனிகள்வரை இதே சோதனைகளைக் கொண்டுசென்றது. குறைவாக இருப்பது நேரமும் பழைய பதிவும். முந்தைய சோதனையின் வரைபடம் கையில் இல்லாமல் உள்ளே இறங்கும் குழு, எந்தக் குழி வளர்கிறது, எது அப்படியே நிற்கிறது என்று சொல்ல முடியாது.

பழைய பதிவே இல்லாத தொட்டிகளுக்குத் திருகோணமலை நல்ல எடுத்துக்காட்டு. சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய 99 தொட்டிகளில் பெரும்பகுதி பல பதிற்றாண்டுகள் காட்டுக்குள் சும்மா கிடந்தன. 2022 ஜனவரியில் இலங்கை பெட்ரோலியக் கூட்டுத்தாபனமும் லங்கா ஐ.ஓ.சி.யும் அவற்றை மீட்க உடன்பாடு செய்துகொண்டன. பழைய எஃகு என்றதும் ஃப்ளோரெஃப் நினைவு வரும். ஆனால் தகடு சுமார் 16 டிகிரிக்கு மேலேயே இருக்கும் வெப்பப் பிரதேசத்தில் நொறுங்கும் ஆபத்தை ஏ.பி.ஐ. விதியே குறைவாகக் கருதுகிறது. அங்கே முதலில் பார்க்க வேண்டியது அடித்தகட்டின் கீழ்ப்பக்கம். எந்த இடத்து ஆபத்து எது என்று அறிந்து கருவியைத் தேர்வது இதுதான்.

இந்தியாவில் இப்போது அவசரமாகக் கவனிக்க வேண்டியவை எத்தனால் தொட்டிகள். பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது 2025-இல் எட்டப்பட்டது. அதற்கேற்ப டிப்போக்களிலும் ஆலைகளிலும் எத்தனால் சேமிப்பு பெருகியிருக்கிறது. எரிபொருள் எத்தனால், ஆக்சிஜன் கரைந்திருந்தால், சாதாரணக் கார்பன் எஃகின் வெல்டிங் ஓரங்களில் தகைவு அரிப்பு விரிசலை உண்டாக்கும் என்பதை அமெரிக்க அனுபவம் 1990-களிலிருந்தே காட்டியிருக்கிறது. இந்த விரிசலில் உலோகம் தேயாது. தடிமன் மானி முழுத் தடிமனைக் காட்டும். காந்த வண்டியின் வரைபடம் சுத்தமாக இருக்கும். வேறு எண்ணெய்க்குக் கட்டி எத்தனாலுக்கு மாற்றிய தொட்டிகளின் பட்டியலை ஒவ்வொரு நிறுவனமும் இப்போதே எடுத்து, பெட்ரோல் தொட்டிக்கு விதித்த இடைவெளிக்குக் காத்திராமல், அடிமூலையின் வெல்டிங்கையும் ஒட்டுத்தகடு போட்ட இடங்களையும் ஒளிரும் காந்தத் துகள் முறையில் முழு நீளத்துக்கும் பார்க்க வேண்டும். பார்க்காமல் விட்ட மீட்டர்களையும் அதே அறிக்கையில் எழுத வேண்டும்.